மூன்று ஸ்பீக்கர், இரண்டு மைக்

மூன்றுமே மட்டமான சரக்கு. கடைக்காரன் நன்றாக என் தலையில் கட்டிவிட்டான். சாப்பாட்டு மேசையில் நேற்றைய செய்தித்தாளை விரித்து, மூன்று ஸ்பீக்கரையும் இரண்டு மைக்கையும் வரிசையாக வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. முதுகு கெஞ்சுகிறது. ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன், எழுந்தால் சமையலறைப் பக்கம் கால் போகும், போனால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார், நிறுத்திவிட்டு, என்ன வேணும் அரசி என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்பார். இருக்கட்டும். முதலில் ஸ்பீக்கர். வட்டமாகக் கறுப்பாக ஒன்று, பழைய டிவியிலிருந்து கழற்றினது மாதிரி நீளமாக ஒன்று, மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து கொஞ்சம் கம்பீரமாக ஒன்று. மூன்றிலும் பேச்சு ஒரே மாதிரிதான் வருகிறது, வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுகிறவன் பேச்சு மாதிரி. அ, ஆ, ஓ எல்லாம் உருண்டு உருண்டு வந்து சேர்கின்றன, க, ச, த எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. சிங்காரத்தோப்புக் கடையில் அவன் போட்டுக் காட்டியது தவில். தவில் எந்தத் தகர டப்பாவிலும் நன்றாகத்தான் கேட்கும். பேச்சைப் போடுங்க என்றேன், சிரித்தான். மேடம் இதெல்லாம் ஒரிஜினல் என்றான். ஒரிஜினல் என்ற வார்த்தையைத் தானாகவே சொல்கிறவனை நம்பக் கூடாது, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாங்கினேன். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் தலை நரைத்தவள் நான், என்னையே ஏமாற்றிவிட்டான் என்றால் மற்றவர்கள் கதி என்ன. மற்றவர்கள் யாரும் இதை வாங்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். மற்றவர்கள் எல்லாம் ரெடிமேடாக வருவதை வாங்கிச் சுவரில் சொருகிவிட்டு, அதற்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாட்டுப் போடு, மணி என்ன, மழை வருமா என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கும் அப்படி ஒன்று வந்தது. என் மகள் வெண்ணிலா ஓசூரிலிருந்து வரும்போது கொண்டுவந்தாள். அம்மா, நீ சும்மா பேசினா போதும், ஃபேன் போடும், லைட் போடும், உனக்கு முட்டி வலிக்கும்போது எழுந்திருக்கவே வேணாம் என்றாள். அவள் ஊருக்குப் போன மறுநாளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் அடிப்பாகத்தைத் திறந்தேன். உள்ளே நாலு மைக். நாலு! மணி கேட்கவும் ஃபேன் போடவும் எதற்கு நாலு காது? திரும்ப மூடிப் பரணில் கொலுப் பொம்மைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இது கேட்பதை எங்கே அனுப்புகிறது, யார் உட்கார்ந்து கேட்கிறார்கள், ஏன் வெண்ணிலா அதை வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு இப்போதெல்லாம் என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை. ஃபோன் பண்ணுவதே இல்லை, எல்லாம் எழுத்தில்தான் வருகிறது, சாப்டியா என்பதைக்கூட டைப் பண்ணி அனுப்புகிறாள், நான் பதிலுக்கு ஃபோன் பண்ணினால் வேலையாக இருக்கிறேன் என்று ஒரு மஞ்சள் முகத்தை அனுப்புகிறாள். அவளுடைய அப்பாவிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேச நேரம் இருக்கிறது. சரி, வீட்டுக்குள் காது வைக்க வேண்டும் என்றால் என் காதை நானே செய்துகொள்கிறேன், அது கேட்பது இந்தச் சுவரைத் தாண்டிப் போகாது என்று ஆரம்பித்ததுதான் இது. கையகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, அதற்குள் பேச்சைப் புரிந்துகொள்ளும் புரோகிராம், பதில் சொல்ல ஒரு பெண் குரல். போர்டு சரி, புரோகிராம் சரி, பெயர்கூட வைத்தாயிற்று, பொன்னி. காதும் வாயும்தான் அமைய மாட்டேன் என்கின்றன. பொன்னி, மணி என்ன என்றால் அவள் ஏதோ முனகுகிறாள். மறுபடி கேட்டால் மறுபடியும் முனகுகிறாள். நான் மூன்றாவது முறை கேட்கும்போது சமையலறையிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, அதான் சொல்லிடுச்சே அரசி, மூணே கால்னு, என்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், எனக்குத் தெரியாதா. கடிகாரம் அவருக்கு நேராகத்தான் மாட்டியிருக்கிறது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், சிதம்பரநாதன். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ரிடையரானவர். சாது என்று ஊரில் பெயர். முப்பத்தைந்து வருஷம் ஒரு தம்ளர் வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன், போன மழைக்காலத்திலிருந்து திடீரென்று சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டார். நான் பாத்துக்கறேன் நீ உக்காரு என்றார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் யோசித்தேன், ஒரு மனுஷன் தன் குணத்தைச் சும்மா மாற்றிக்கொள்வானா? சமையலறையில் என்ன இருக்கிறது? கதவு இருக்கிறது. கதவைத் தாண்டிப் பின்பால்கனி இருக்கிறது. அங்கே நின்றுதான் தினமும் சாயங்காலம் வெண்ணிலாவோடு பேச்சு. நான் போனால் பேச்சு நிற்கும், வந்தால் தொடரும். வேறு சிலதும் இருக்கின்றன. வாசல் காலிங்பெல்லை மாற்றினார். நன்றாகக் குருவி மாதிரி கத்திக்கொண்டிருந்த பெல், அதைக் கழற்றிவிட்டு கோயில் மணி மாதிரி டொங் டொங் என்று அடிக்கிற ஒன்றை மாட்டியிருக்கிறார். ஏன் என்றால் இது நல்லா இருக்குல்ல என்கிறார். அறைக்குள் வரும்போது லைட் ஸ்விட்சை ஒரு முறை போட்டு அணைக்கிறார். பட்டப்பகலில்! யாருக்கு அந்த சிக்னல்? எதிர் வீட்டு மாடிக்கா? கேட்டால், பல்பு சரியா எரியுதான்னு பாத்தேன் என்று சொல்கிறார், தினமும் பல்பைப் பரிசோதிக்க இவர் என்ன மின்வாரியமா. முன்பெல்லாம் பின்னாலிருந்து கூப்பிட்டு எதையாவது கேட்பார், இப்போது சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுகிறார், போலீஸ்காரன் விசாரிக்கிற மாதிரி, நான் என்ன பதில் சொல்கிறேன் என்பதை விட என் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே போன வாரம் வந்த அந்த ஆள். சின்னப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கேட் பக்கத்தில் நின்று இவரோடு பேசினான். இரண்டு பேரும் திரும்பி ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார்கள். நான் கீழே இறங்கிப் போவதற்குள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். யாருங்க என்றேன். தெரிஞ்சவர் என்றார். தெரிந்தவர் என்றால் பெயர் இருக்கும், பெயர் சொல்லவில்லை.

புரோக்கர். வேறு யாராக இருக்க முடியும். ஃபிளாட்டை விற்கப் போகிறார்கள். விற்றுவிட்டு என்னை ஓசூருக்குக் கொண்டுபோய் வெண்ணிலா வீட்டின் பின்னறையில் உட்கார வைக்கப் போகிறார்கள், அல்லது இப்போதெல்லாம் ஊருக்கு வெளியே வரிசையாக முதியோர் இல்லம் கட்டியிருக்கிறார்களே, மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம், அங்கே. இந்த வீடு என் சம்பளத்தில் வாங்கியது. இந்தப் பால்கனியிலிருந்து மலைக்கோட்டை தெரிகிறது. சாயங்காலம் விளக்கு போட்டதும் நான் பார்ப்பது அதைத்தான், வேறு எதையும் யாரிடமும் கேட்கவில்லை. வெண்ணிலா சனிக்கிழமை வருகிறாள். அதுவும் எழுத்தில்தான் வந்தது, சனிக்கிழமை வரேன்மா கொஞ்சம் பேசணும் என்று. பேசணும்! வரட்டும், முதல் வார்த்தையை நான் பேசுகிறேன், என் சேலைகளை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நான் இல்லாத வீட்டை விற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். இவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை, சொன்னால் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான் கையில் சாட்சி இல்லாமல் சொல்லக் கூடாது என்று பொறுமையாக இருக்கிறேன். கழுத்தில் கொசு வேறு. இந்த வருஷத்துக் கொசுக்கள் சத்தமே போடாமல் வந்து கடிக்கின்றன, மருந்து அடித்து அடித்து அதுகளும் தந்திரம் கற்றுக்கொண்டுவிட்டன.

நான்கு மணிக்கு மேல் அவருடைய ஃபோன் அடிக்கும். அடித்ததா என்று எனக்குத் தெரியாது, அதை ஊமையாக்கி வைத்திருக்கிறார், நிச்சயம், ஏனென்றால் கொஞ்ச நாளாக அது அடித்து நான் கேட்டதே இல்லை, ஆனால் அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பதை மட்டும் பார்க்கிறேன். மைக்கைப் பொறுத்தவரை எனக்கு வேண்டியது எளிமையான ஒன்று. ஹாலில் இருக்கும் பொன்னிக்குச் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்க வேண்டும். வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் எந்த மைக்கும் கேட்கும், மேடைப் பேச்சாளர் மைக் மாதிரி. தூரத்துப் பேச்சை, ஃபேன் சத்தத்தையும் குழாய்ச் சத்தத்தையும் ஒதுக்கிவிட்டு எடுக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு சோதனை தேவை. சோதனை என்றால் சமையலறையில் யாராவது இயல்பாகப் பேச வேண்டும், சோதனை என்று தெரிந்தால் இயல்பாகப் பேச மாட்டார்கள். அவ்வளவுதான், இதில் தப்பு ஒன்றும் இல்லை, எந்த லேபிலும் இப்படித்தான் செய்வார்கள். அவர் குளியலறைக்குப் போயிருந்தபோது நீள ஒயரோடு சின்ன மைக்கைக் கொண்டுபோய், சமையலறை அலமாரியில் புளி ஜாடிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் வைத்தேன். ஒயரை ஜன்னல் விளிம்போடு ஒட்டினேன். பரணில் வெண்ணிலாவின் நாலு காதுப் பெட்டி இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. இது வேறு, அது வேறு. இது என் வீடு, என் மைக், என் புருஷன். திரும்பி வந்து உட்கார்ந்து பதிவைப் போட்டுவிட்டேன். அவர் வந்தார், சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டினார், ஃபோனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். பின்பால்கனிக்குக்கூடப் போகவில்லை, அங்கேயே அலமாரிக்குக் கீழே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். இங்கிருந்து எனக்குக் கேட்டது ஒரு முணுமுணுப்பு. பன்னிரண்டடி தூரம், கதவு திறந்திருக்கிறது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவ்வளவு தணிந்த குரலில் பேச ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும். என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் ஸ்க்ரூவைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன்.

பேசி முடித்து அவர் பின்பால்கனிக்கு வெங்காயத் தோலைக் கொட்டப் போனதும் பதிவை ஓட்டினேன். வட்ட ஸ்பீக்கர், சத்தத்தைக் குறைத்து வைத்து, பக்கத்தில் குனிந்து. முணுமுணுப்பு. நீள ஸ்பீக்கர். முணுமுணுப்பு. மரப்பெட்டி ஸ்பீக்கர், அதே, கொஞ்சம் கனமாக. ஹெட்ஃபோனை மாட்டினேன். காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு முணுமுணுத்தார். வெண்ணிலா என்ற பெயர் மட்டும் தெரிந்தது, அதுவும் அந்தப் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால். ஆத்திரம் வந்தது. கடைக்காரன் மேல், மைக் மேல், இவர் மேல், எல்லோரும் சொல்லி வைத்துக்கொண்டு என் வரைக்கும் வரும்போது வார்த்தையின் ஓரங்களை நறுக்கிவிட்டு அனுப்புகிற மாதிரி. அப்புறம்தான், சீ, லேபில் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வேன் என்று நினைவு வந்தது. ரேடியோ பாடவில்லை என்றதும் அழுதுகொண்டு என்னிடம் வருவார்கள், மேடம் ஐ.சி. போயிடுச்சு, மேடம் மீட்டர் சரியில்லை. உட்காரு என்பேன். சிக்னல் எங்கே கிளம்புது, அங்கேருந்து ஒவ்வொரு படியாத் தொட்டுக்கிட்டே வா. ஒரு படியை மாத்திப் பாரு. மாத்தியும் கோளாறு அப்படியே இருந்தா, கோளாறு அங்க இல்லை, அடுத்த படிக்குப் போ. யார் மேலயும் கோபப்படாத, கோபப்பட்டா ரீடிங் தப்பா வரும். காதை நம்பாத, மீட்டரை நம்பு. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

ஆகவே ஒழுங்காகச் செய்வோம். ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு சோதனை ஒலி இருக்கிறது, அடித்தொண்டை உறுமலில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் ஊசி மாதிரி கீச்சென்று முடியும். ஸ்பீக்கர் பாட வேண்டும், இரண்டாவது மைக் கேட்க வேண்டும், போர்டு அதைத் திரையில் கோடாக வரைய வேண்டும். கோடு எங்கே விழுகிறதோ அங்கே ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று அர்த்தம். வட்ட ஸ்பீக்கரைப் போட்டேன். உறுமல், ரீங்காரம், நாகஸ்வரத்தின் மேல் ஸ்வரம் மாதிரி, அப்புறம் விசில் மாதிரி, இரண்டாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும், நின்றுவிட்டது. ஆக, கடைக்காரா, மாட்டிக்கொண்டாய். டெலிபோன் லைன்கூட மூவாயிரத்து நானூறு வரை கொண்டுபோகும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டவள் நான், என்னிடம் இதை விற்றிருக்கிறாய். திரையைப் பார்த்தேன். கோடு போய்க்கொண்டிருந்தது. மூவாயிரம், நாலாயிரம், கொஞ்சம்கூடத் தளராமல், வயல் வரப்பு மாதிரி. இல்லாத ஒலிக்கு இது எதை வரைகிறது? புரோகிராமும் ஏமாற்றுகிறது. நீள ஸ்பீக்கரை மாட்டினேன். அதே இடத்தில் நின்றது. மரப்பெட்டியை மாட்டினேன். அதே இடத்தில். மூன்றும் மூன்று கம்பெனி, மூன்று அளவு, மூன்று விலை, மூன்றும் பேசி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் சாக முடியாது. மைக்கை மாற்றினேன், சமையலறைக்குப் போய் எடுக்க முடியாது என்பதால் வெண்ணிலா விட்டுப்போன பழைய ஹெட்செட்டில் இருந்த மைக்கைச் சொருகினேன். அதே இடம். கோடு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் இல்லை. மைக் இல்லை. போர்டு இல்லை. ஒயர் இல்லை. அடுத்த படிக்குப் போ, அடுத்த படிக்குப் போ. அடுத்த படி ஒன்றும் இல்லையே, மேசை முடிந்துவிட்டதே, மேசைக்கு இந்தப் பக்கம் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். இல்லை, சத்தம் போதவில்லை, அவ்வளவுதான். ஒலியை நாலாயிரத்தில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அறை அமைதியாக இருந்தது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த அணில் துள்ளிக்கொண்டு ஓடியது.

லைட் எரிந்து அணைந்தது. திரும்பினேன். அவர் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். விரலெல்லாம் வெங்காய ஈரம் என்பதால் இரண்டு மணிக்கட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு. வாய் அசைந்தது. என்ன சொல்கிறார் என்பது வாயைப் பார்த்ததும் புரிந்தது, நிறுத்து அரசி, காது கூசுது. எதை நிறுத்த? ஃபேன்கூட ஓடவில்லை. கை தானாகப் போய் ஒலியை நிறுத்தியது. எனக்கு எதுவும் மாறவில்லை. அவருடைய தோள் இறங்கியது, மணிக்கட்டுகள் காதிலிருந்து விலகின, மூச்சு விட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தினேன். தோள் ஏறியது. நிறுத்தினேன். இறங்கியது. இன்னொரு முறை அழுத்தினேன், எனக்கு ரீடிங் நிச்சயமாக வேண்டும், ஒரு தடவை வந்த ரீடிங்கை ஒப்புக்கொள்ளாதே என்று நானே சொல்லியிருக்கிறேன். ஏறியது. இறங்கியது. மீட்டரின் முள் மாதிரி என் புருஷன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், பொய் சொல்லத் தெரியாமல். சமையலறைப் பதிவைத் திரையில் விரித்தேன். முணுமுணுப்பு என்றால் கோடு புழு மாதிரி மெலிந்து இருக்க வேண்டும். அது திரையின் மேலும் கீழும் தொட்டுக்கொண்டு தடியாக நின்றது. அவர் முணுமுணுக்கவே இல்லை. வாய்விட்டு, முழுக் குரலில், பன்னிரண்டடி தூரத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். பயமாக இருந்தது. இருட்டில் படிக்கட்டில் ஒரு படி குறைந்தால் வருமே, அந்தப் பயம்.

“எப்பலேருந்து தெரியும்?” என்றேன்.

அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். “குக்கர் அடிப்புடிச்சு வீடெல்லாம் பொகை வந்துச்சே, அன்னிக்கு. நான் கீழேருந்து படியேறி வர்றதுக்குள்ள அது விசில் அடிச்சுத் தீத்துருச்சு. நீ இதே நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்த.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ குக்கரைத்தான் கழட்டிப் பாப்ப. அன்னிக்கே பாத்தியே. வெயிட்டு சரியில்ல, கேஸ்கட் சரியில்லன்னு புதுசா வாங்கிட்டு வந்தியா இல்லையா?”

வாங்கினேன். மழைக்காலத்தில். அதற்கு அப்புறம்தான் அவர் சமையலறைக்குள் போனார்.

“பெட்டியோட ஒருத்தர் வந்தாரே.”

“காது டெஸ்ட் பண்றவர். வீட்டுக்கே வருவாராம், வெண்ணிலா ஏற்பாடு பண்ணினா. நீ ஜன்னல்ல நின்ன மொறைப்பைப் பாத்துட்டு, நான்தான் இன்னொரு நாள் பாக்கலாம்னு அனுப்பிட்டேன். சனிக்கிழமை அவளே வந்து உங்கிட்ட பேசறேன்னா. எனக்குத் தைரியம் இல்ல அரசி.”

“அந்த லைட்டு?”

“பின்னாடி வந்து நின்னா தூக்கிவாரிப் போடுது உனக்கு. வெளிச்சம் பட்டா திரும்பற. பெல்லும் அதுக்குத்தான். குருவிச் சத்தம் உனக்கு எட்டல, கொரியர்காரர் திரும்பத் திரும்ப அடிச்சிட்டுப் போயிடறாரு.”

ஒவ்வொன்றாக நானே படிப்படியாகத் தொட்டுக்கொண்டு வந்தேன், பெல், லைட், குக்கர், எழுத்தில் வரும் சாப்டியா, ஒரு படிகூட இடறவில்லை. இவ்வளவையும் வைத்து நான் ஒரு வீட்டையே விற்றிருக்கிறேன். அவர் மேசையைப் பார்த்தார், நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று பயந்து பேச்சை மாற்றுகிற முகம் அது, எனக்குத் தெரியும். “சரி, இதுல எது நல்லா இருக்கு?” என்றார்.

இதுவரைக்கும் ஒரு ரெசிஸ்டரைக்கூட அவரைக் கேட்டு நான் வாங்கியதில்லை. “நீங்க கேட்டுச் சொல்லுங்க,” என்றேன். என்னிடம் போட்டுக் காட்ட இருந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான். அதை அழித்துவிடலாம், ஒரு பட்டன்தான், அவருக்குத் தெரியவே வேண்டாம். விரல் அதன் மேல் நின்றது. பிறகு வட்ட ஸ்பீக்கரில் ஒயரைச் சொருகிப் பதிவை ஓட்டினேன். எனக்கு முணுமுணுப்பு. அவர் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை, அப்புறம் தன் குரல் என்று தெரிந்தது, அப்புறம் தலை மெல்லத் திரும்பிச் சமையலறை அலமாரியில் புளி ஜாடிப் பக்கம் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் கத்தினால் தேவலை என்றிருந்தது. கத்தவில்லை. ஒயரை மாற்றி நீள ஸ்பீக்கரில் போட்டேன், கேட்டார். மரப்பெட்டியில் போட்டேன், கேட்டார்.

“இது,” என்று வட்டமானதைத் தொட்டார். “இதுலதான் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா இருக்கு.”

“என்ன சொல்லுது?”

அவர் தயங்கினார். அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார், எட்டவில்லை. நான் காதுப் பக்கம் கையைக் குவித்துக்கொண்டேன், வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு கிழவி மாதிரி. அப்போதுதான் குரலை உயர்த்தினார், நான் அவரை உயர்த்த விடாத குரல், கொஞ்சம் ஏறினாலே என்னத்துக்கு எரிஞ்சு விழறீங்க ஊருக்கே கேக்குது என்று நான் பால்கனிக் கதவைச் சாத்தச் சொல்கிற குரல்.

“ஒரே வீட்லதான் இருக்கோம் வெண்ணிலா, உங்கம்மாகூடப் பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா, அப்படின்னு சொல்லுது.”

ஒவ்வொரு எழுத்தும் வந்து சேர்ந்தது. க வந்தது, ச வந்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. “பேசுங்க,” என்றேன், “இதே சத்தத்துல பேசுங்க.” அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் பால்கனிக் கதவைச் சாத்த எழுந்தார். வேண்டாம், தெறந்தே இருக்கட்டும் என்றேன்.